உள்ளே முளைத்த மருவுக்கு உப்பு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்துச் சீட்டோ பாங்கிலிருந்து வரும் கடிதமோ, இங்கிலீஷில் எது வந்தாலும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அதனால் என் குடலில் இருந்த பாலிப்பையும் அம்மாவுக்கு நானே போனில் விளக்க வேண்டியிருந்தது.

“பாலிப்புன்னா என்ன கண்ணு?”

“மரு மாதிரிம்மா. உள்ளார மொளச்சிருந்துது. கேமரா உட்டுப் பாக்கறப்பவே வெட்டி எடுத்துட்டாங்க.”

அதில் பொய் எதுவும் இல்லை. வெட்டியதை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

“அட, மருதானா” என்று அம்மா மூச்சு விட்டது கேட்டது. “மாரியம்மனுக்கு உப்பும் மொளகும் போட்டாச் செரியாப் போவுது. வெள்ளிக்கெழம லீவு போட்டுட்டு வா.”

நான் வேலை செய்வது டவுனில், கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியின் லேபில். வார்த்த இரும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். அதுவரை சரக்கு வெளியே போகாது. மேஸ்திரி கதவோரம் தலையை நீட்டி, “ஏனுங்க சார், ஆச்சுங்களா?” என்பார். “ஆனாச் சொல்றேனுங்க” என்பேன், நிமிராமலே.

அந்த வாரம் என் துண்டு வேறு யாருடைய மேசையிலோ இருந்தது. அவர் பார்த்துவிட்டாரா? பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாரா? துண்டில் ஒட்டிய பெயர்ச் சீட்டு உரிந்து வந்துவிடும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அடிக்காத போன் பையில் அதிர்வதுபோல் இருக்கும், எடுத்துப் பார்ப்பேன். நெட்டில் தேடிப் படிப்பேன், பாதியில் மூடுவேன், திரும்பத் திறப்பேன்.

“என்னங்க சார், போனையே பாத்துட்டு இருக்கறீங்க. பொண்ணு கிண்ணு பாத்திருக்கறாங்களா?” என்றார் மேஸ்திரி.

“பாத்தாச்சுங்க. பதில்தான் வர மாட்டீங்குது.”

சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கு அவருடைய துண்டைப் பார்த்து முடித்ததும், அவர் வந்து கேட்பதற்குள் நானே எழுந்து உலைப் பக்கம் போய்ச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில். வாசலில் உப்பு மிளகுப் பொட்டணம் விற்கும் பெண்மணி என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மரு எங்கீங்க தம்பி? மொகம் நல்லாத்தான இருக்குது.”

“வவுத்துக்குள்ளாரங்க” என்றார் என் அம்மா.

“உள்ளார இருக்கறது எப்படீங்க தெரிஞ்சுது?”

“கேமரா உட்டுப் பாத்தாங்களாமா.”

“எது வழியாங்க?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

பலிபீடத்தில் பொட்டணத்தைக் கொட்டினேன். “போட்டாச்சுன்னா அப்பறம் மருவத் தொட்டுப் பாக்கக் கூடாது, கண்ணு. மறந்துட்டுப் போவோணும். அப்பத்தான் உதுரும்” என்றார் அம்மா. என் கை அதற்குள் பைக்குள் போய் போனை எடுத்துவிட்டது.

“வந்ததுலருந்து அத எடுக்கறதும் வெக்கறதுமா இருக்கற. வெட்டி எடுத்தாச்சுன்ன இல்ல? அப்பறம் எதுக்குக் காத்துட்டு இருக்கற?”

சொன்னேன். டெஸ்டுக்குப் போயிருக்கிறது, கேன்சரா இல்லையா என்று அதில்தான் தெரியும். அந்தச் சொல்லைக் கோயிலுக்குள் வைத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அம்மா அழவில்லை. உப்புக் குவியலைப் பார்த்தார். “அப்ப மருவுக்குப் போட்டது இதுல சேராது” என்று வாசலுக்குப் போய் இன்னொரு பொட்டணம் வாங்கி வந்தார். அதை என்னிடம் தராமல் தானே போட்டார். பிறகு கையை நீட்டினார்.

“போனக் குடு.”

“எதுக்கும்மா?”

“நீதான தொடக் கூடாது. நான் பாத்துக்கறேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தார். என் கை மட்டும் வெறும் பையைத் தடவிக்கொண்டே வந்தது. சாயங்காலம் போன் அடித்தது. அம்மாவே எடுத்தார்.

“அவன் அம்மாதானுங்க பேசறேன்… வந்துருச்சுங்களா? நல்லதுங்களா கெட்டதுங்களா?… செரிங்க.” என் பக்கம் திரும்பினார். “டாக்டருதான் சொல்லோணுமாமா. காத்தால வரச் சொல்றாங்க. நானும் வாரேன்.”

அன்று ராத்திரி நாங்கள் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் டாக்டர் சொன்னது இதுதான்: கேன்சர் இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் பின்னால் மாறக்கூடிய வகை. இனி வேறு முளைக்கிறதா என்று மூன்று வருடம் கழித்து மறுபடி உள்ளே பார்க்க வேண்டும். நல்ல சேதிதான். என் காதில் கடைசி வாக்கியம் மட்டும் நின்றது.

வெளியே வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து போனை என் கையில் வைத்தார்.

“மூணு வருசத்துக்கு நீயே வெச்சுக்க.”