அரை டாலர் அம்மாவின் கன்னம்

மல்கிரேவ் புறநகரில் இருக்கும் சச்சிதானந்தன் வீட்டுக்குச் சாப்பாட்டை நம்பிப் போகக்கூடாது. கதவைத் திறந்ததுமே கையில் லென்ஸைத் திணித்து, "இந்தம்மா கன்னத்தைப் பாருங்க, என்ன மினுமினுப்பு!" என்பார். இந்தம்மா, 1807ஆம் வருஷத்து அமெரிக்க வெள்ளி அரை டாலரில் இருக்கும் சுதந்திரத் தேவி. பழைய காசுகளுக்கு எழுபதுக்கு இத்தனை என்று மார்க் உண்டு. ஆபீஸில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் இந்த மனுஷன், தேவிக்குத் தானே ஐம்பத்தைந்து போட்டிருந்தார். அமெரிக்காவுக்கு அனுப்பி அந்த மார்க்கை உறுதி செய்துவிட வேண்டும், அதுதான் லட்சியம். கட்டின பொண்டாட்டி நாகலட்சுமிக்கு முப்பத்தைந்து தேறியிருந்தால் அதிசயம்.

ஆடி வெள்ளிக்கிழமை நாகலட்சுமி வெள்ளி விளக்குகளோடு காசையும் விபூதி போட்டு லேசாகத் துடைத்தாள். மகாலட்சுமி ஜாடை தெரிகிறதே என்று பொட்டும் வைத்தாள்.

ஐயையோ! துலக்கிய காசுக்கு மார்க்கே கிடையாது. மேஜை விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் கன்னமெல்லாம் முடியளவு கீறல்.

"உன் கை பட்டா எதுவும் வெளங்காது!" என்று கத்தினார். அப்புறம் மூன்று வாரம் பேச்சே இல்லை. சாதம் வேண்டுமா என்பதற்குக்கூட வாட்ஸ்அப்.

அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது நீ தொடறதுக்கு முன்னாடி எடுத்தது. இது தொட்ட பிறகு."

நாகலட்சுமி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள். மங்கலான படத்தில் கடுகளவு கல்லைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு.

"முதல் படத்தைப் பெரிசாக்குங்க."

"எதுக்கு?"

"ஆக்குங்கன்னா."

கன்னம் திரையை நிறைத்தது. அதே கீறல்கள், அதே இடத்தில்.

"அது நிழல்" என்றார்.

"நீங்க லைட்டை இந்தப் பக்கம் வச்சாலும் அந்தப் பக்கம் வச்சாலும் நிழல் அங்கேயேதான் விழுமா?"

விற்றவன்தான் துலக்கி விற்றிருக்கிறான். இத்தனை நாள் மினுமினுப்பு என்று ஊரைக் கூட்டிக் காட்டியது அந்தத் துலக்கலைத்தான். சச்சிதானந்தனை அவமானம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் கெடுத்துட்டேன்னு மூணு வாரமா சாமிக்கு விளக்குகூட ஏத்தலை" என்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

"நீ கெடுக்கலை லட்சுமி. தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததே இல்லை. நாகலட்சுமி அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.