அழிக்கச் சொன்ன வரி

எங்கள் பறவைக் குழுவின் செய்தி மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தென்காசியில் அச்சாகி வந்தது. எட்டுப் பக்கம், கடைசிப் பக்கத்தில் நிகழ்ச்சி நிரல். அச்சுக்குப் போனபின் எதையும் திருத்த முடியாது என்பதால், தேதியையும் கிழமையையும் காலண்டரோடு வைத்துத் திரும்பத் திரும்ப ஒப்பிடுவேன். அச்சகத்துக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

அதில் மிகவும் சந்தோஷப்பட்டவர் ஆய்க்குடியில் இருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. சர்க்கரை நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. குரலை வைத்தே பறவையைச் சொல்லிவிடுவார். மடலை அவருடைய மனைவி வாசித்துக் காட்டுவார். ஐந்தருவிப் பக்கம் நாங்கள் பாறை ஏறிப் போய்வந்ததை ஒருநாள் டீக்கடையில் யாரோ பேச, அப்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

"வாசிக்கா, சரிதான். பிடிக்காததை முழுங்கிருதா. பாறைன்னு வந்தா அந்த வரியே எங்க வீட்டுல கிடையாதுவே" என்றார்.

அவருடைய செல்போன் எழுத்தைச் சத்தமாக வாசிக்கும். மடல் இணையத்துக்கு வந்துவிட்டால் நிகழ்ச்சி நிரலைத் தானே கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

அச்சகம் கொடுத்த கோப்புகளோ பழைய எழுத்துருவில் இருந்தன. அவர்களுடைய கணினியில் தமிழாகத் தெரிந்தது, இணையத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறியது. வேறு வழி தெரியாமல் பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றினேன். அன்றைக்கே ஏட்டு கூப்பிட்டார்.

"உம்ம மடலைத் திறந்தேன்வே. 'படம்'னு சொல்லுது. அடுத்த பக்கம் போனா அதுவும் 'படம்'னு சொல்லுது. எட்டுப் பக்கமும் சினிமாவா ஓட்டுதீரு?"

சிரித்தேன். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுத்துருவை மாற்றித் தரும் செயலியில் போட்டால், இருக்கிற 'ற' எல்லாம் காணாமல் போயிற்று. செல்போனிடம் வாசித்து எழுத வைக்கலாம் என்று பார்த்தேன். குக்குறுவான் என்று பறவைப் பெயரைச் சொன்னால் குக்கர் வான் என்று எழுதியது. வெளியே சாரல் தொடங்கிவிட்டது. ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிப் பக்கம் குழுவின் பாறை நடை. தினமும் மதியம் ஏட்டு கேட்பார்: "மடல் ஏறிட்டாவே?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் பெயர் திரையில் வந்தாலே பயந்தேன். கடைசியில் மற்ற பக்கங்களைக் கைகழுவிவிட்டு, நிகழ்ச்சி நிரலை மட்டும் ஒற்றை விரலால் புதிதாகத் தட்டி ஏற்றினேன். செல்போன் அதைத் தெளிவாக வாசித்ததாம். அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் மனைவி பேசினார்.

"அண்ணாச்சி, அந்தப் பாறை வரியை மட்டும் எடுத்துருங்க. அச்சுல வந்தப்போ உங்களைக் கேட்டுப் பிரயோஜனமில்ல. இப்பதான் தட்டுனா போயிருமாமே. மழைன்னு நிறுத்திட்டாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

"அவர் கேட்டுட்டாரேம்மா."

"அவுக குளத்துப் படியில விழுந்து மண்டை உடைஞ்சப்போ நாந்தான் தூக்குனேன். உங்க குருவியா வந்து தூக்குச்சு?"

என்னால் முடியாது என்றேன்.

"அப்போ எதாவது ஆச்சுன்னா அதையும் தேதி போட்டு ஏத்திக்கிடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அச்சில் வந்த வரி அதன்பிறகு என் பொறுப்பில் இல்லை. யார் வந்து கேட்டாலும் கையை விரித்துவிடலாம். இந்த வரி ஒவ்வொரு நிமிஷமும் என் கையிலேயே இருந்தது. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் செல்போனில் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழித்தால் அவரை ஏமாற்றுகிற இரண்டாவது ஆள் நான். விட்டு வைத்தால், அவருக்கு ஒன்று ஆனால், அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? வரி அப்படியே இருந்தது. துணிச்சல் என்று சொல்லமாட்டேன். விரல் போகவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் இரண்டு பேருமாக வந்து இறங்கினார்கள். அந்த அம்மா என்னிடம் பேசவில்லை. ஏட்டின் சட்டைப் பின்பக்கத்தை ஒரு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாறை முழுக்க ஈரம். பாதி ஏற்றத்தில் ஏட்டு நின்று முகத்தைத் தூக்கினார்.

"சீகாரப் பூங்குருவிவே. தண்ணிக்கு அங்கன. என்னமா விசிலடிக்கி, கேட்டீரா?"

கேட்டேன் என்று பொய் சொன்னேன். அவருடைய செருப்பு பாறையில் உரசுகிற சத்தம் மட்டும்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"கேட்டாச்சுல்லா, இறங்குங்க" என்றார் மனைவி.

"பொறுட்டி, மேல இன்னொண்ணு பதில் சொல்லுது."

அவர் அடுத்த காலை எடுத்து வைத்தார். சட்டையை அந்த அம்மா விடவில்லை. நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஏற வேண்டியது இன்னும் பாதி. பிறகு மொத்தமும் இறங்க வேண்டும்.