டெலிபோன் பூத்தில் விழுந்த அடி

அடிதடியைப் பார்க்காமல் வளர்ந்தவள் இல்லை நான். மில் வாசலில் சட்டை கிழியச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைத் தெருவில் இழுத்துப்போட்டு மிதித்தவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனை, அவன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேசிய வார்த்தைக்காக அடித்ததை என் பூத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இராஜபாளையத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்தினேன். கணவர் ராணுவத்தில் இருந்தார். ராணுவக் குடும்பங்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த பூத் அது. ஒடுக்கமான கடை. ஒரு மேஜை, கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டு, அதன் தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கதவைச் சாத்தினால் உள்ளே வேர்க்கும். பேச்சும் வெளியே முக்கால்வாசி கேட்கும். கேட்டாலும் கேட்காத மாதிரி வார இதழைப் புரட்டிக்கொண்டிருப்பது என் தொழில் தர்மம்.

பக்கத்துக் கடை டிவி ஷோரூம். அதை நடத்திய அண்ணாச்சிக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்தது. கம்பெனிக்காரன் டவுனுக்கு டவுன் டிவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான், இனி வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்துவிட்டால் எவனும் அரிவாளைத் தூக்க மாட்டான் என்பார். ஒரு வாத்தியார் வாங்கிய டிவி மூன்றாம் மாசமே புகைந்துபோய், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டு, அண்ணாச்சியும் கம்பெனியும் புது டிவி கொடுக்க வேண்டி வந்தது. அந்த ஆத்திரம் அவருக்கு அடங்கவே இல்லை. "வாங்குதவனுக்கு அம்புட்டு உரிமையையும் குடுத்துட்டான் தங்கச்சி. விக்கிறவன் நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாக வேண்டியதுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அண்ணாச்சி சொன்ன மாதிரி அரிவாள் அடங்கவில்லை. அந்த வருடம் சுற்று வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. காலையில் போன பஸ் சாயங்காலம் கண்ணாடி இல்லாமல் திரும்பும். ஒரு பக்கம் ஒருவர் வெட்டுப்பட்டால் மறுநாள் மறுபக்கம் ஒரு குடிசை எரியும். நாட்டு வெடிகுண்டு என்ற வார்த்தையைக் குழந்தைகள்கூடச் சொல்லப் பழகின. வெளி மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்குப் போலீஸ் வந்து இறங்கி ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியது.

அதில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் ஒரு நாள் பூத்துக்கு வந்தார். "இந்த மாதிரி பூத்துல இருந்துதான் ஆளைத் திரட்டுறானுங்க. யார் என்ன பேசுறான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். எழுத்தில் உத்தரவு ஏதும் காட்டவில்லை. ஒரு கான்ஸ்டபிளைக் கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அதை ஆதரித்தார். "மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்?" என்றார்.

கனம் இல்லாதவர்களும் பயந்தார்கள் என்பதை நான் பார்த்தேன். துபாய்க்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு புதுப்பெண் வருவதை நிறுத்திவிட்டாள். மகளிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கான்ஸ்டபிள் கதவைத் தட்டி, "தமிழ்ல பேசும்மா" என்று அதட்டினார். அந்த அம்மாளுக்கு மகளிடம் தமிழில் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. போனை வைத்துவிட்டுச் சிவந்த முகத்தோடு போனாள்.

பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவார். ஒல்லியான ஆள். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். மனைவி பிரசவத்துக்குத் திருப்பூரில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே மேல்வீட்டுக்காரர் போனுக்கு இவர் கூப்பிடுவார். பிறந்தது ஆண் குழந்தை, கொழுகொழுவென்று இருந்ததாம். பெயர் வைக்கும் முன்பே இவர் அதைக் குண்டு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். போனை எடுத்ததும் முதல் கேள்வியே "குண்டு எப்படி இருக்கு?" என்பதுதான். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்குப் பழக்கமில்லை.

அன்றைக்குப் பேண்டேஜ் கம்பெனிக்காரர் கூண்டுக்குள் நின்று சத்தமாகத்தான் பேசினார். "குண்டு பத்திரமா இருக்கா? இப்ப கொண்டாராத. வழியெல்லாம் செக் பண்ணுதான், பஸ்ஸைக் கொளுத்துதானுவ. செத்த அடங்கட்டும், பொறவு நானே வந்து எடுத்துட்டு வாரேன்."

கான்ஸ்டபிள் எழுந்துவிட்டார். எனக்கு உடனே புரிந்தது. "அண்ணே, அது அவரு பிள்ளைண்ணே. பிள்ளையத்தான் அப்படிச் சொல்லுதாரு" என்றேன். "நீ சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் தெரு முக்குக்கு ஓடினார். ஜீப் அங்கேதான் நின்றது. நான் கூண்டுக் கதவைத் தட்டி உள்ளே பேசிக்கொண்டிருந்தவரை வெளியே வரச் சொல்லுமுன் சப் இன்ஸ்பெக்டர் இரண்டு பேரோடு உள்ளே வந்துவிட்டார்.

"வெளிய வாடா."

அவருக்கு எதுவும் விளங்கவில்லை. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "செத்த நேரம் சார், பேசி முடிச்சுடுதேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டரின் லத்தி நுனி அவர் வாயில் இறங்கியது. கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் கத்தவில்லை. கத்த வாய் திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கூண்டுக்குள் குனியக்கூட இடம் கிடையாது. நின்றவாக்கிலேயே வாங்கினார். தோளில், காதில், மறுபடியும் காதில். கதவுக் கண்ணாடி நொறுங்கி என் மேஜை வரை தெறித்தது. "எந்தத் தெருடா நீ? எந்தத் தெரு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். இவர் ரத்தத்தைத் துப்பி, குழறலாகத் தெருவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் அடி இன்னும் பலமாக விழுந்தது.

"குண்டுன்னு சொன்னது பிள்ளைய சார்! பெத்த பிள்ளைய!" என்று நான் அலறினேன்.

"ஆமா, எல்லா குண்டும் எவனோ பெத்ததுதான்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ரிசீவர் வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கத்திக்கொண்டே இருந்தது. மீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு போய் எடுத்தேன்.

"யாரு அடிக்கா? எம்புருசனை யாரு அடிக்கா?"

"நான் பூத்துக்கார அக்கா பேசுதேன். போலீசு கூட்டிட்டுப் போவுது. கல்யாண மண்டபத்துல..."

கான்ஸ்டபிளின் லத்தி என் மணிக்கட்டில் விழுந்தது. ரிசீவர் கீழே போனது. அவர் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி தன் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு விளக்குமாற்றை எடுத்துவந்து கண்ணாடியைப் பெருக்கினார். நடுவில் குனிந்து ஒன்றை எடுத்தார். ஒரு பல், வேரோடு. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அபிப்பிராயம் எதுவும் வரவில்லை.

மறுநாள் மத்தியானம், போனில் கத்திய அந்தப் பெண் குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கொளுத்துகிற பஸ்களுக்கு நடுவே எப்படி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. பிரசவித்த உடம்பு, கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் கையில் துணி சுற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினேன். அண்ணாச்சியும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

மண்டபத்தில் சப் இன்ஸ்பெக்டர் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் நேராகப் போய், மாரில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, குழந்தையை அந்த மேஜையில் இலைக்குப் பக்கத்தில் கிடத்தினாள்.

"இதான் சார் குண்டு. நல்லா தட்டிப் பாருங்க, வெடிக்கான்னு."

யாரோ ஒரு கான்ஸ்டபிள் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். குழந்தை வீறிட்டது. சப் இன்ஸ்பெக்டர் சோற்றைப் பிசைந்த கையை உதறினார்.

"முதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே" என்றார்.

பாத்திரங்கள் அடுக்கும் அறையிலிருந்து அவள் கணவரைக் கொண்டுவந்தார்கள். முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாக வீங்கி, தாடை கோணி, இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. உள்ளங்கால்களில் அடித்திருந்தார்கள். தரையில் ஊன்ற முடியாமல் இரண்டு பேர் தோளில் தொங்கினார். குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக் குழந்தை அரண்டு, மூச்சு நின்றுபோகிற மாதிரி கத்தியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். அங்கேதான் அவர் அழுதார்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இடது காது போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேஸ் போட வேண்டும் என்று முதலில் சொன்னது நானில்லை, அண்ணாச்சி. "டிவி புகைஞ்சதுக்கே என்னைய கோர்ட்டுல நிறுத்துனானுவ. மனுசன் தாடைக்கு ஒரு கேள்வி கிடையாதா?" என்று கொதித்தார். வாத்தியாருக்காக வாதாடி அண்ணாச்சியைத் தோற்கடித்த அதே வக்கீலிடம் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். "என்னையே கவுத்தவரு. அவரு போதும்" என்றார்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. லைன் கிடைக்காமல் கிடைத்த ஒரு நாள், "நானும் யூனிபார்ம் போட்டவன். யூனிபார்முக்கு எதிரா நீ சாட்சி சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"நீங்க ஒரு நாளும் பூத்துல நிக்கிறவனை அடிச்சதில்லையே. பொறவு உங்களுக்கு என்ன?" என்றேன். "ஜாக்கிரதையா இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜாக்கிரதையாக இருந்தும் பயனில்லை. ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கடைக்குள் கற்களை வீசிவிட்டுப் போனார்கள். மீட்டர் உடைந்தது. என் புருவத்துக்கு மேல் தையல் போட வேண்டியதாயிற்று. நெற்றிக் கட்டோடுதான் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் பணிவாகக் கேட்டார். "வாடிக்கையாளர் அந்தரங்கமாகப் பேசுவதை நீங்கள் ஒட்டுக் கேட்பது வழக்கமா?"

"நான் ஒட்டுக் கேக்கல சார். பூத்துக் கண்ணாடி அப்படி, பேச்சு தானா வெளிய கேக்கும். ஒட்டுக் கேக்கதுக்குன்னு ஸ்டூல் போட்டு ஆளை உக்கார வச்சது உங்க கட்சிக்காரருதான்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே அந்த சப் இன்ஸ்பெக்டர் மொடமொடப்பான சட்டையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரிலிருந்து போனில் கேட்டதை அந்தப் பெண்ணும் சொன்னாள். சத்தத்தை மட்டும் கேட்டு யார் அடித்தது என்று எப்படித் தெரியும் என்றார் வக்கீல். "எந்தத் தெருன்னு கேட்ட குரலு அவரு குரலுதான். மண்டபத்துலயும் அதே குரலைத்தான் கேட்டேன். சாவுற வரைக்கும் மறக்காது" என்றாள் அவள்.

வருடக்கணக்கில் இழுத்து, அடித்தது உண்மை என்று தீர்ப்பு வந்தது. அபராதம் போட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் மேல் கோர்ட்டுக்குப் போனார். அங்கே சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்து விடுவித்துவிட்டார்கள். அதற்குள் அடிபட்டவரின் குடும்பம் திருப்பூரோடு போய்விட்டது. ஒரு காதோடு அவர் அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தார்.

செய்தி தெரிந்து அவர் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

"விட்டுட்டாங்களாமேக்கா."

"ஆமாடி."

"பரவால்லக்கா. அடிச்சான்னு ஒரு ஜட்ஜு எழுதுனாருல்ல. அந்தத் தாளை நான் பத்திரமா வச்சிருக்கேன். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியுது, அதை எடுத்துக் குடுத்திருக்கேன்."

எனக்கு அவளைப் போலப் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. அன்று முழுவதும் பூத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர், யாரோ புதியவர், ஊருக்குப் பேச வந்தார். ரிசீவரை எடுத்துக் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அவர் பேச்சு காதில் விழாதபடி நான் தெருவில் போய் நின்றுகொண்டேன்.