சோமசேகரத்தின் அரை மணித்தியாலம்

பக்கத்து அறையில் சாப்பாட்டுக் கேரியரின் மூடி டங்கென்று விழுந்தது. சோமசேகரம் அவசரமாய்த் தன் கேரியரைத் திறந்தார். ஐயோ, ஸெய்னுதீன் நானா சாப்பிட்டு முடித்துவிட்டார். இனிக் கதைக்க வருவார்!

அது உலகப்போர் நடந்த நாற்பத்து மூன்றாம் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். கடற்படைக் களஞ்சியத்தில் கிளாக்கரான சோமசேகரம், கயிறு, ஆணி, சாயம் கேட்டு வருபவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, நாளொன்றுக்கு நூறு பேரோடு கதைத்தார். இயல்பில் அதிகம் கதைக்காத அந்தப் பரிதாபத்துக்குரிய ஜீவன் உலகத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று: பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை, சாத்திய கதவுக்குள், தனிமையில் ஒரு பிடி சோறு. யப்பான்காரன்கூடப் போன வருஷம் ஒருநாள் குண்டு போட்டதோடு போய்விட்டான். எல்லாரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைத்த ஸெய்னுதீனோ தினமும் வந்தார்.

வாய்விட்டுச் சொல்ல அந்த மெல்லிய இதயத்துக்குத் துணிவில்லை. சுவர்களில் ஒட்டவென்று மேலிடம் கொடுத்த ‘பேசாதே, பகைவன் கேட்கிறான்’ என்ற எச்சரிக்கைத் தாளில் ஒன்றை எடுத்துப் போன வாரம் தன் கதவில் ஒட்டினார்.

விதி சிரித்தது. ‘சோமசேகரத்துக்கு இரகசிய வேலையாம்!’ என்று களஞ்சியம் முழுதும் பரவியது. ஒருவர் வந்த அறைக்கு ஏழு பேர் வந்தார்கள். அவருக்குப் பெண் கொடுக்க இறக்கக்கண்டியிலிருந்து ஒருவர் சம்பந்தம் பேசவும் வந்தார்.

இன்றும் கதவு திறந்தது. நானா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு மட்டும் சொல்லுங்க. ஒரு காக்கா குஞ்சுக்கும் சொல்லமாட்டன். என்ன இரகசியம்?"

"ஒண்டுமில்லை, நானா."

"பாத்தீங்களா, வாய் திறக்கிறீங்க இல்ல! அப்ப பெரிய விசயந்தான்."

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்று சொல்லாவிட்டால், சண்டை முடிந்தாலும் இந்த முற்றுகை முடியாது! சோமசேகரம் கேரியரைத் தள்ளி வைத்தார்.

"நானா, உங்களில எனக்குக் கோவமில்லை. விடிஞ்சா பொழுதுபட்டாச் சனத்தோட கதைச்சுத் தலை கிறுகிறுக்குது. இந்த அரை மணித்தியாலம் நான் தனிய இருக்கவேணும். ஒரு மணிக்குப் பிறகு வாங்கோ, கதைப்பம். இப்ப ஏலாது. இவ்வளவுதான் இரகசியம்."

நானா திகைத்துப்போனார்.

"தனிய இருக்கிறதுக்கா? உடம்புக்கு ஏதும் வருத்தமா தம்பி?"

"தனிய இருந்தாத்தான் எனக்குச் சுகம், நானா."

நானா எழுந்தார். வாசலில் நின்று அந்தத் தாளைப் பார்த்தார், பிறகு சோமசேகரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பெரும் மரியாதை படர்ந்தது.

"விளங்கிட்டுது. மேலிடத்தில அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறாங்க போல. ஒரு மணிக்கு வாறன்."

குழந்தை உறங்கும் அறையை மூடுவதுபோல், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.