வலது மணிக்கட்டில் கட்டிய நூல்

அண்ணாவின் வலக்கையை எங்கள் வீட்டில் ஒரு தனி ஆளைப் போல நடத்தினார்கள். கை நித்திரை கொண்டதா, கைக்குக் குளிர்கிறதா என்று விசாரிப்பார்கள். அந்தக் கையைத்தான் ஓர் அமெரிக்க பேஸ்பால் கழகம் அவனுடைய பதினெட்டாவது வயதில், பந்தெறிவதற்கென்று ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனது. முதல் வருடம் தோள் போனது. மூன்றாம் வருடம் முழங்கை. இடது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை உருவி வலது முழங்கைக்குள் வைத்துத் தைத்தார்கள். அது ஆறும் முன்னே அவனைக் கனடாவுக்கு, ஸ்காபரோவிலிருந்த எங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள், அளவு பிழைத்த சப்பாத்தைக் கடைக்குத் திருப்புவது மாதிரி.

அந்தப் பனிக்காலம் முழுக்க நான் அவனுக்குப் பணிவிடை. எனக்கு ஒன்பது வயது. சட்டைப் பொத்தான் பூட்டினேன், ஜாம் போத்தல் திறந்தேன், கதவுக்குத் திறப்புத் திருகினேன். அண்ணா சொல்வான்: என் கை ராசியானதாம், நான் செய்தால்தான் எல்லாம் சரிவருமாம். எனக்கு ஒரே பெருமை.

பிறகு மே மாதம், ஒரு சனிக்கிழமை. ஏரியிலிருந்து குளிர்காற்று. எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னாலிருந்த பூங்காவில் ஆட்டம். அவனைப் பார்க்கவென்று கழகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். இரண்டு இன்னிங்ஸ் ஒழுங்காக எறிந்தால் மறுபடி எடுப்பார்கள், இல்லாவிட்டால் இதோடு சரி. அம்மா முதல்நாளே கோயிலில் அர்ச்சனை செய்து, அவன் வலது மணிக்கட்டில் கறுப்பு நூல் கட்டுவித்திருந்தார். ஆம்பிளைப் பிள்ளைக்கு வலக்கையில்தான் கட்டுவார்கள்.

பந்தெறிகிற கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். அது எங்களில் யாருக்கும் நினைவில்லை. நடுவர் கண்டார். ஆட்டம் நின்றது. அண்ணா எங்கள் பக்கக் கம்பிவேலிக்கு வந்தான். முடிச்சோ இறுகிக் கிடந்தது.

"அம்மா, அவிழ்த்துவிடுங்கோ."

"நாப்பத்தொரு நாள் கழட்டக் கூடாது எண்டு ஐயர் சொன்னவர். ஒரு நாள்கூட ஆகேல்லை."

அப்பா செருமினார். "இஞ்சாரும், கோயிலிலை சேர்ட்டைக் கழட்டச் சொன்னாக் கழட்டுறம்தானே. உது அவையின்ரை கோயில்."

அம்மா சிரிக்கவுமில்லை, அசையவுமில்லை. அண்ணா என்னைப் பார்த்தான். தமிழ் வகுப்பிலிருந்து நேரே வந்ததால் பள்ளிப்பை என் தோளில் இருந்தது.

"பிள்ளை, உன்ரை கத்தரிக்கோல். குயிக்."

கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலிக்குள்ளால் கையை நீட்டினான். மற்றக் கை முழங்கையைத் தாங்கியிருந்தது. நான் நூலை நறுக்கினேன்.

ஏழாவது பந்தில் ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. பந்து எங்கோ போக, அண்ணா பந்தெறிகிற மண்மேட்டில் முழந்தாளிட்டிருந்தான். பார்க்க வந்தவர் பேனாவை மூடிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார்.

அன்று பின்னேரம் சமையலறையில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எப்போது நோகத் தொடங்கியது? அண்ணா ஐஸ் பையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தான்.

"நூல் வெட்டினாப் பிறகுதான், அம்மா."

அம்மா எனக்கு ஏசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படத்துக்குப் பூ வைப்பது என் வேலை. அதற்கு மட்டும் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அறுந்த நூலைப் பென்சில் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, யாரும் இல்லாத நேரங்களில் பசை பூசி ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அண்ணா இப்போது விட்பி நகரத்தில் இருக்கிறான். இடக்கையால் தேநீர் குடிக்கிறான்.

நான் வெட்டினேன், கை போனது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். ஜாம் போத்தல் திறக்க ஏலாத கை எப்படிப் பந்தெறியும் என்று கேட்கத் தெரியவில்லை. அன்று காலையும் அவனுடைய ஆட்டச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டது நான்தான்.