சேவுகமூர்த்தி விட்ட வரி

காரைக்குடியில் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் எழுத்தாளர் சேவுகமூர்த்தி போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பஸ் அமராவதிபுதூர் வருவதற்குள் 'மண்ணின் குரல் ஓய்ந்தது' என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் அவர் புத்தகத்தைப் பிரித்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் எல்லாவற்றையும் படித்த பாவி.

அவர் எழுதும் முறை ஊருக்கே தெரியும். எங்கே சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வருவார். பாடைக்குத் தோள் கொடுக்க மாட்டார். பெண்கள் அழும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறிப்பெடுப்பார். "அழுகுறப்பதான்யா பேச்சு சுத்தமா வரும்" என்பார்.

அப்பா இறந்தபோதும் வந்தார், கூட்டாளி அல்லவா. அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளு அடிச்சீக, இன்னைக்கு ஒருக்கா எந்திரிச்சு அடிங்க பாப்பம்" என்று அழுதாள். அவர் எழுதிக்கொண்டார்.

தீபாவளி மலரில் கதை வந்தது. சவேரியம்மாள் என்று அம்மாவின் பெயர் அப்படியே இருந்தது, தெருவும் அதேதான். அப்பாவுக்கு மட்டும் வேறு பெயர். அழுகையோ, "ஒருக்கா எந்திரிச்சுப் பேசுங்க பாப்பம்" என்று மாறியிருந்தது. அடியைத் துடைத்துவிட்டு வட்டார வழக்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார், கெட்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார்கூட அந்தப் பதிபக்தியைப் பாராட்டினார்.

மலரைக் கொடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அடிச்சதை ஏன் விட்டீக?"

"அது நல்லாவா இருக்கும் மதினி? அண்ணன் பேரு கெட்டுப்போகுமுல்ல."

"எம் பேரை மட்டும் போட்டிருக்கீக."

அவர் சிரித்தார். அம்மா சொன்னதையும் டிக்கெட்டில் குறித்துக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று அன்றைக்கே கேட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அப்பா பெயர் தப்பியது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, முதலில் அவருடைய மண்வாசனையைப் போற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அப்பா சாவுக்கு வந்து ஆறுதலாக உட்கார்ந்திருந்ததையும் சேர்த்தேன். எண்பது தாண்டிய அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நீயும் விட்டுட்டியா?" என்றாள்.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இத்தனை வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டே அவர் பார்த்த வேலையைத்தான் நானும் பார்த்திருக்கிறேன். சேவுகமூர்த்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை இத்தோடு விடுகிறேன். என் அப்பாவின் பெயர் அந்தோணிசாமி. அம்மாவை அடிப்பார்.