ஒரு கடி தாங்காதவர்

சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரிய மனிதர். மையடித்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அவித்த பனங்கிழங்கை நார் நாராக உரித்துத் தின்பதும், இடையிடையே யாருக்காவது புத்தி சொல்வதுமாக வந்தார்.

முந்தானைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்த என் ஒன்றரை வயது மகள் நறுக்கென்று கடித்துவிட்டாள். என்னை அறியாமல் கத்திவிட்டேன். சுண்டுவிரலை அவள் கடைவாயில் நுழைத்து, பிடியை விடுவித்து, விலக்கினேன்.

உடனே திரும்பினார். "குடிக்கிற பிள்ளைய இழுத்து விடலாமா தாயி? பல்லுப் பட்டாப் பொறுத்துக்கிறணும். எங்க ஆத்தா எங்க எல்லாருக்கும் குடுத்துச்சு. ஒரு நாளு மூஞ்சியச் சுளிச்சதில்ல."

"வலிச்சுச்சான்னு நீங்க என்னைக்காச்சும் கேட்டீகளா?" என்றேன்.

அழுத குழந்தையைச் சமாதானப்படுத்துகிறாராம், ஒரு துண்டுக் கிழங்கை அவள் வாயில் வைத்தார். அவள் கிழங்கோடு விரலையும் சேர்த்துக் கடித்தாள்.

"அய்யய்யோ! விடச் சொல்லு, விடச் சொல்லு!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அடிக்கக் கையை ஓங்கினார். அதைத் தட்டிவிட்டு, அதே சுண்டுவிரலை அவள் கடைவாயில் நுழைத்து அவரையும் மீட்டுக் கொடுத்தேன்.

ராமநாதபுரம் வரை விரலை ஊதிக்கொண்டே வந்தார். இறங்கும்போது கண்டக்டரிடம், "பிள்ள வளத்திருக்கிற லட்சணத்தப் பாருங்க" என்று அந்த விரலை நீட்டிக் காட்டினார்.

நானும் பார்த்தேன். தோல்கூடக் கிழியவில்லை. என் ரவிக்கையில் ரத்தம் ஒட்டியிருந்தது.